சின்னம்மா வீட்டு இரண்டு அறையும் மருமகனின் வாடகையும்

கிழக்கு லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கட மகனுக்கு, என்ர மருமகனுக்கு, செப்டெம்பரில் இங்கே படிக்க இடம் கிடைத்தது பெரிய சந்தோசம். சின்னம்மா வீட்டில் ரெண்டு அறை சும்மா கிடக்க, அவனை அங்கே நிற்க விட ஏன் இழுத்து இழுத்துக் கதைக்கிறா என்று கேட்டிருந்தீங்கள். சின்னம்மாவுக்கு மனமில்லாமல் இல்லை. அந்த ரெண்டு அறைக்காக மாதாமாதம் அவவின் காசில் வெட்டு விழுகுது. இன்னொரு ஆளை வீட்டில் வைத்தால் இன்னும் என்ன வெட்டுவார்களோ என்ற பயம். பயத்தில் பாதி நியாயம், பாதி வீண். அதை விளங்கப்படுத்தத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"அரசாங்கம் வீடு குடுத்திருக்கு" என்று ஊரில் சொல்லுவதை முதலில் விடுங்கோ. கவுன்சில், அதாவது உள்ளூர் சபை, தருகிற வீட்டுக்கும் வாடகை உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்கு அந்த வாடகையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ யூனிவர்சல் கிரெடிற் என்கிற அரச உதவிக் காசு தரும். முந்தி அதை ஹவுசிங் பெனிபிற் என்ற பெயரில் கவுன்சில் தந்தது. 2013 ஏப்ரல் 1இல் இருந்து ஒரு நிபந்தனை. கவுன்சில் வீட்டிலோ, ஹவுசிங் அசோசியேசன் என்கிற வீட்டுச் சங்கத்தின் வீட்டிலோ இருக்கிற, பென்சன் வயது வராத ஆட்களுக்குத் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் வாடகைக் கணக்கில் 14 வீதம் வெட்டு. ரெண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 வீதம். சட்டப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கு, சனம் சொல்லுவது பெட்ரூம் ராக்ஸ், படுக்கையறை வரி.

தேவை எத்தனை அறை என்பதையும் அவர்களே எண்ணுவார்கள். புருசன் பெண்சாதிக்கு ஒன்று. 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்று. 16க்குக் கீழ் ரெண்டு பெட்டைகளோ ரெண்டு பெடியன்களோ என்றால் ஒரே அறை. பத்து வயதுக்குக் கீழ் என்றால் பெடியனும் பெட்டையும்கூட ஒரே அறைதான். இரவில் வெளியாள் வந்து பராமரிக்கும் நோயாளிக்கு அதற்கென ஓர் அறை தனியாகக் கிடைக்கும். வருத்தத்தால் ஒரே அறையில் படுக்க முடியாத பிள்ளைக்கும் உண்டு, 2017இல் இருந்து அப்படியான தம்பதிக்கும் உண்டு. விறாந்தை, குசினி, சாமி அறை எதுவும் கணக்கில் இல்லை. ஆனால் குத்தகைப் பத்திரத்தில் படுக்கையறை என்று எழுதியதைச் சாமி அறையாக்கினால் அது அவர்களுக்குப் படுக்கையறைதான்.

இந்த எண்ணிக்கையில் இருக்கும் கூத்தைப் பாருங்கோ. மூன்று அறை வீட்டில் தாய் தகப்பனும் 14, 11 வயதில் ரெண்டு பெட்டைகளும் என்று வையுங்கோ. பிள்ளைகளுக்கு ஒரே அறை போதும் என்று எண்ணி, மூன்றாவது அறைக்கு 14 வீதம் வெட்டுவார்கள். ரெண்டு வருசத்தில் மூத்தவளுக்கு 16 ஆனதும் அதே வீடு சரியான அளவு, வெட்டு நின்றுவிடும். காசைப் பார்த்து இடையில் ரெண்டு அறை வீட்டுக்கு மாறிப் போனவர்கள், மூத்தவளின் பிறந்தநாளோடு இடம் காணாமல் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இப்படியான குடும்பங்கள் வெட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கி, பிறந்தநாள் வருகிற மாதத்திலேயே மாற்றத்தைக் கணக்கில் பதிய வேண்டும். யூனிவர்சல் கிரெடிற் மாதத் தவணையாகக் கணக்குப் பார்ப்பது. தவணை முடியும் முன் சொன்னால் அந்த மாதம் முழுவதற்கும் புதுக் கணக்கு. பிந்திச் சொன்னால் முந்தின மாதங்களின் காசு பெரும்பாலும் வராது.

இனிச் சின்னம்மாவின் கணக்குக்கு வருவம். கணக்கு இலேசாக இருக்க வாடகையை மாதம் 640 பவுண் என்று வைக்கிறேன். மூன்று அறை வீடு, இருப்பது அவவும் சித்தப்பாவும். தேவை ஒன்று, மிச்சம் ரெண்டு. 25 வீதம் என்றால் 160 பவுண். யூனிவர்சல் கிரெடிற் வாடகையை 480 என்றுதான் எடுக்கும், கவுன்சிலுக்குக் கட்ட வேண்டியதோ முழு 640. வெட்டு விழுவது முழு வாடகையில் என்பதைக் கவனியுங்கோ. கொஞ்சம் வேலை செய்து, அரைவாசி உதவி மட்டும் எடுக்கிற ஆளுக்கும் அதே 160 தான் வெட்டு.

"மகள் வீட்டோடு இருந்திருந்தால் இந்த வெட்டு இல்லையே" என்று சித்தப்பா புறுபுறுப்பது வழமை. அந்தக் கணக்கும் பிழை. 21 வயது தாண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் அவளுக்கு அறை கணக்கில் வரும், மிச்சம் ஓர் அறைக்கு 14 வீதம், அதாவது 89 பவுண் 60 பென்ஸ் வெட்டு. அதோடு, வளர்ந்த பிள்ளை வீட்டுச் செலவுக்குத் தர வேண்டும் என்று இன்னொரு தொண்ணூறு பவுணுக்குச் சற்று மேல் கழிப்பார்கள், அவள் தந்தாலும் தராவிட்டாலும். ரெண்டும் சேர 180ஐத் தாண்டுகிறது. பிள்ளை போனால் 160, இருந்தால் 180! பெற்றோரில் ஒருவர் பிப் என்கிற மாற்றுவலுக் கொடுப்பனவில் நாளாந்தப் பராமரிப்புப் பங்கை எடுத்தால் அந்த இரண்டாவது கழிவு இல்லை. சித்தப்பாவின் முழங்கால் வருத்தத்துக்கு அதற்கு விண்ணப்பிக்கலாமா என்று இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.

சித்தப்பாவுக்கு 64 ஆகிவிட்டது, பென்சன் வயதோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்றுதான் ரெண்டு பேரும் இருக்கினம். பென்சன்காரருக்கு இந்த வெட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் 2019 மே 15க்குப் பிறகு, தம்பதியில் ஒருவர் இளையவர் என்றால் ரெண்டு பேருமே யூனிவர்சல் கிரெடிற்றில்தான் இருக்க வேண்டும், வெட்டும் தொடரும். சின்னம்மாவுக்கு 61. அரச பென்சன் வயது 66இல் இருந்து 67க்கு 2026 ஏப்ரலுக்கும் 2028க்கும் இடையில் ஏறுகிறது. அவவுக்கு 67 வரும்வரை, இன்னும் ஆறு வருசம். மாதம் 160 என்றால் வருசத்துக்கு 1,920 பவுண்.

அதனால்தான் மருமகன் வருவது அவர்களுக்கு நல்ல காலம் என்கிறேன். லொட்ஜராக, அதாவது வீட்டுக்குள் ஓர் அறைக்கு வாடகை தருகிற ஆளாக அவனை வைத்தால், அவன் தருகிற வாடகையை யூனிவர்சல் கிரெடிற் வருமானமாக எடுப்பதில்லை. அவனுடைய அறையைப் பாவித்த அறையாகவும் எண்ணாது, 25 வீத வெட்டு அப்படியேதான் நிற்கும். அவன் மாதம் 400 தந்தால் 160ஐக் கழித்தாலும் 240 மிச்சம். வருசத்துக்கு 7,500 பவுண் வரை இப்படி வரும் வாடகைக்கு வருமான வரியும் இல்லை. பழைய ஹவுசிங் பெனிபிற்றில் இருப்பவர்களுக்குக் கணக்குத் தலைகீழ். அறை பாவித்ததாக எண்ணப்படும், ஆனால் கிழமைக்கு 20 பவுணுக்கு மேற்பட்ட வாடகையை வருமானமாகப் பிடிப்பார்கள். ஆரோ ஒருவர் சொன்ன கதையைக் கேட்டுச் சின்னம்மா குழம்பியிருப்பது இந்த இடத்தில்தான்.

செய்ய வேண்டிய முறை ஒன்று இருக்கு. குத்தகைப் பத்திரத்தை எடுத்து லொட்ஜர் பகுதியை வாசித்து, கவுன்சிலுக்கு எழுதி அறிவித்து, தேவையென்றால் அனுமதிக் கடிதத்தை வாங்கி வைக்க வேண்டும். அவனோடு வாடகை, திகதி, எந்த அறை என்று ஒரு பக்கத்தில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கட்டும். காசு கையில் வேண்டாம், பாங்கில் வரட்டும். "எங்கட பிள்ளை, கடதாசி என்னத்துக்கு" என்று விட்டால், வாடகைக்கு இருப்பவனை வீட்டோடு இருக்கும் ஆள் என்று எடுத்துக் கழிக்கத் தொடங்குவார்கள். சொந்தக்காரன் என்று அவனை லொட்ஜராக எடுக்கமாட்டார்களோ என்ற பயமும் வேண்டாம். சட்டம் நெருங்கிய சொந்தம் என்று எண்ணுவது பெற்றோர், பிள்ளை, சகோதரம், அவர்களின் துணைகள்தான். உங்கட மகன் சின்னம்மாவுக்கு அதற்குள் வரமாட்டான். முழு வீட்டையும் அவனிடம் விட்டுவிட்டு இவர்கள் மகள் வீட்டில் போய் இருப்பது மட்டும் கூடவே கூடாது, வீடே பறிபோகும்.

சின்ன வீட்டுக்கு மாறலாமே என்று அத்தான் கேட்பார். கவுன்சில் அதற்கு முன்னுரிமையும் சில இடங்களில் காசும் தருகிறது. ஹோம்சுவப்பர் என்ற இணையத்தளத்தில் ஆளைப் பிடித்து வீட்டுக்கு வீடு மாற்றவும் முடியும். கவுன்சில் 42 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். எழுத்தில் அனுமதி வர முன் சாமான் ஏற்றக் கூடாது. மற்றவரின் வீட்டை இருக்கிறபடியே எடுக்க வேண்டும் என்பதால், சுவர் ஈரம், உடைந்த அலுமாரி எல்லாவற்றையும் முதலே பார்க்க வேண்டும். வாடகை நிலுவை இருந்தால் கட்டு என்பார்கள். கஷ்டம் என்னவென்றால் ஓர் அறை வீடுதான் இங்கே தட்டுப்பாடு. மாறும்வரை வெட்டை ஈடுசெய்யக் கவுன்சிலிடம் தனி உதவி கேட்கலாம். வரவு செலவை எழுதிக் கொடுத்தால் சில மாதத்துக்குத் தருவார்கள், தராமலும் விடலாம். ஸ்கொட்லாந்தில் என்றால் அந்த அரசே வெட்டை ஈடுகட்டுகிறது.

இன்னொன்று. மாசிக் கலியாணத்துக்குச் சின்னம்மாவை ரெண்டு மாதம் வந்து நில்லுங்கோ என்று மறிக்க வேண்டாம். யூனிவர்சல் கிரெடிற்றில் இருப்பவர் ஒரு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் காசு நிற்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தாலும் 25 நாளும் நின்று தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டுத் திரும்பலாம், அதற்கு மேல் ஆபத்து.

மருமகனிடம் சொல்லுங்கோ: பல்கலைக்கழகம் தரும் முழுநேர மாணவர் கடிதத்தின் பிரதி ஒன்றைச் சின்னம்மாவிடம் கொடுக்க வேண்டும், கவுன்சில் வரிக் கணக்கில் மாணவனை எண்ணமாட்டார்கள். வாடகை எவ்வளவு என்று நீங்களும் சின்னம்மாவும் போனில் கதைத்து முடிவெடுங்கோ. ஒப்பந்தக் கடதாசியை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
தம்பி