பெண்ணையாத்தத் தாண்டுனா பழைய கணக்கு அழிஞ்சிடுமா? கடலூர், புதுச்சேரி கல்வி அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம்.

கடலூர்-புதுச்சேரி எல்லையில இருக்குற ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பைக்க நிறுத்தி சீட்டுக்கு அடியில சரக்கு பாட்டில் இருக்கான்னு பாக்குறாங்க, நல்லது, பாக்கட்டும். அதே ரோட்டுல தினமும் காலைல இங்கேருந்து அங்க, அங்கேருந்து இங்கன்னு எத்தனையோ வாத்தியாருங்க வேலைக்குப் போறாங்க, அவங்கள்ல யாராவது முன்ன இருந்த ஸ்கூல்ல என்ன பண்ணிட்டு வந்தாங்கன்னு பாக்க ஒரு நாதி கிடையாது.

இந்தப் பக்கம், கடலூர்ல, ஒரு தனியார் ஸ்கூல், பேரு வேணாம். என் பையன் கிளாஸ்ல ஒரு பையன, ஹோம்வொர்க் நோட்டு கொண்டாரலன்னு கணக்கு சார் காதோட சேத்து அறைஞ்சுட்டாரு. செவிப்பறை கிழிஞ்சிடுச்சுன்னு ஈஎன்டி டாக்டர் எழுதிக் குடுத்தாரு. அந்தப் புள்ளையோட அப்பா மீன் லோடு வண்டி ஓட்டுறவரு, தனியா போனா பேச விடமாட்டாங்கன்னு நாங்க நாலஞ்சு பேரண்ட்ஸும் கூடப் போனோம். கரஸ்பாண்டன்ட் ரூம்ல ஏசி, ஆளுக்கொரு கூல்டிரிங்ஸ். "ராஜினாமா எழுதி வாங்கிட்டேன்மா, உங்க புள்ளைங்களும் இங்கதானே படிக்குதுங்க, ஸ்கூல் பேரு கெட்டா யாருக்கு நஷ்டம், இதோட விட்டுடுங்க." முடிஞ்சுது விசாரணை. மெமோ இல்ல, என்கொயரி இல்ல, என்னப்பா நடந்துச்சுன்னு அந்தப் பையன ஒருத்தரும் கேக்கல.

ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் ஆத்துக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி பாகூர் பக்கம் இருக்குற என் தங்கச்சி அவ பொண்ணு ஸ்கூல் குரூப்ல வந்த போட்டோவ அனுப்புறா, "புது மேத்ஸ் சார் வந்திருக்காருக்கா, நல்ல எக்ஸ்பீரியன்ஸாம், ரொம்ப ஸ்ட்ரிக்டாம்"னு. பாத்தா அவரேதான். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ல நடத்தை நன்றுன்னுதான் போட்டிருப்பாங்க, வேற என்னத்த போட்டிருக்கப் போறாங்க.

2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17, புள்ளைங்கள அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாது, மீறுனா அவங்களுக்கு உண்டான பணி விதிப்படி ஒழுங்கு நடவடிக்கைன்னு சொல்லுது. கவர்மென்ட் வாத்தியாருக்கு அந்த விதி இருக்கு, தமிழ்நாட்டுல அரசு ஊழியர் ஒழுங்கு விதி 17ஏ, 17பி, புதுச்சேரியில சென்ட்ரல் கவர்மென்ட்டோட 1965ம் வருஷ சிசிஎஸ்ங்குற ஊழியர் ஒழுங்கு விதி. தனியார்ல பல இடத்துல கரஸ்பாண்டன்ட் வாய்தான் விதி.

கவர்மென்ட் பக்கம் மட்டும் ரொம்ப ஒழுங்கான்னு கேக்காதீங்க. ஊர்ல சத்தம் கெளம்புனா ஆள மாவட்டத்தோட இன்னொரு கோடியில இருக்குற திட்டக்குடி பக்கம் தூக்கி அடிச்சுட்டு நடவடிக்கை எடுத்தாச்சுங்குறது. விதியில இருக்குற தண்டனைய எடுத்துப் படிங்க சார், கண்டனம், இன்கிரிமென்ட் கட், பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, டிஸ்மிஸ் வரைக்கும் இருக்கு, டிரான்ஸ்ஃபர் அதுல இல்லவே இல்ல. திட்டக்குடி புள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க?

பாலியல் விஷயமா இருந்தா இதவிட மோசம். போக்சோ சட்டம் பிரிவு 19படி தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறைச்சா பிரிவு 21ல கேஸு, மறைக்கிறது ஸ்கூல நடத்துறவரா இருந்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 2020ல வந்த போக்சோ விதியில ஸ்டாஃப் எல்லாருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணணும்னும் இருக்கு. ஆனா ஏசி ரூம்லயே பேசி அனுப்பிட்டா போலீஸ்கிட்ட என்ன ரெக்கார்டு இருக்கும்? "நத்திங் அட்வர்ஸ்", அதாவது இவர் மேல தப்பா ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவாங்க.

வாத்தியாருங்க மேல வீம்புக்கு கம்ப்ளெயின்ட் குடுக்குறவங்களும் உண்டு, மார்க் குறைஞ்சதுக்கெல்லாம் மனு எழுதுற பேரண்ட்ஸ எனக்கே தெரியும். அதனாலதான் ஒழுங்கா விசாரிங்கன்றேன். துறை விசாரணைய ஆறு மாசத்துல முடிக்கப் பாக்கணும், எப்படிப் போனாலும் ஒரு வருஷத்துக்குள்ளன்னு 2015லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. இழுத்தடிச்சா தப்பு பண்ணாத வாத்தியாரு சஸ்பென்ஷன்ல பாதி சம்பளத்தோட ஊர் வாய்க்கு அவல் ஆவாரு, தப்பு பண்ணவரு அதுக்குள்ள சாட்சிய கலைச்சிடுவாரு.

டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில், தப்பு பண்ணா பேர பதிவேட்டுலேருந்தே எடுக்குறாங்க. வாத்தியாருக்கு அந்த மாதிரி ஒண்ணு நம்மகிட்ட இல்ல. டெல்லியிலேருந்து அது வர்றப்ப வரட்டும், நீங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேர தூரத்துல உக்காந்திருக்கீங்க. ராஜினாமா குடுத்தாலும் விசாரணை நிக்காம முடியணும். முடிவ எழுதணும், அப்பீலுக்கு வழி வெக்கணும், குத்தம் நிரூபணம் ஆனவங்க பட்டியல ரெண்டு பக்கமும் மாத்திக்கணும். தனியார் ஸ்கூல் அங்கீகாரத்த புதுப்பிக்க வர்றப்ப கட்டட உறுதிச் சான்று, ஃபயர் சர்டிபிகேட்லாம் கேக்குறீங்கல்ல, அந்தக் கட்டோட போன மூணு வருஷத்துல வேலைய விட்டுப் போன வாத்தியாருங்க யார் யாரு, எதுக்காகப் போனாங்க, கம்ப்ளெயின்ட் இருந்துச்சான்னு கரஸ்பாண்டன்ட் கையெழுத்துப் போட்டு ஒரு பேப்பர் கேளுங்க. அது பொய்யின்னு தெரிஞ்சா அங்கீகாரத்த நிறுத்தி வையுங்க.