குல்லா கீச்சி மண்ணைக் காத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள செயின்ட் ஹெலெனா தீவை எங்கள் குடும்பம் சுற்றிப் பார்த்தபோது உதவியவர்கள் பலர். நாங்கள் போய்ப் பார்க்கும்படி அந்த ஊரை ஊராகவே விட்டுவைத்தவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, இந்தக் கடலோரத்தில் நெல்லும் பருத்தியும் விளைவித்தவர்களின் வழிவந்தவர்கள் குல்லா கீச்சி மக்கள். 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றம் நான்கு மாநிலக் கடலோரத்தை இவர்களுடைய பண்பாட்டைப் பேணும் பகுதியாக, அதாவது ‘பண்பாட்டு வழித்தடமாக’ அறிவித்தது. அதற்காகப் பாடுபட்ட தென் கரோலினா நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் கிளைபர்னுக்கு நன்றி. விடுதலை பெற்றவர்களுக்காக 1862-இல் இந்தத் தீவில் தொடங்கிய பென் பள்ளியின் வரலாற்றை எங்கள் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொன்ன தேசியப் பூங்காத் துறை ஊழியர்களுக்கும் நன்றி.

ஆனால் பலகை நட்டால் மட்டும் பண்பாடு பிழைக்காது, நிலம் வேண்டும். அதனால் இந்தத் தீவை நிர்வகிக்கும் பியூஃபர்ட் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) கவுன்சிலுக்குத்தான் என் முதல் வணக்கம். மதில் எழுப்பிய குடியிருப்பு, கோல்ஃப் மைதானம், ரிசார்ட் எதுவும் இந்தத் தீவில் கூடாது என்று 1999-இல் விதி போட்டார்கள். 2023-இல் கோல்ஃப் மைதானத்துக்காக விலக்கு கேட்டு வந்தபோதும் மறுத்துவிட்டார்கள். அந்தக் கூட்டங்களுக்குத் திரண்டு வந்து பேசிய தீவு மக்களை எப்படிப் பாராட்டுவது!

இன்னொன்று, சொத்து. உயில் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பிரிக்காமல் வந்த நிலம் இங்கே நிறைய. முன்பெல்லாம் ஒரு பங்காளியின் பாகத்தை வெளியாள் வாங்கி வழக்குப் போட்டால், மொத்த நிலமும் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போய்விடும். இப்போது அந்தப் பாகத்தை மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை மற்ற பங்காளிகளுக்கு முதலில் உண்டு. 2016-இல் வந்த அந்தச் சட்டத்துக்கு, முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட மாநில செனட்டர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், சார்ல்ஸ்டனை அடுத்த மவுன்ட் பிளெசன்ட் ஊரில் நெடுஞ்சாலை ஓரம் கூடை பின்னிக்கொண்டிருந்த அம்மாவுக்கு நன்றி. தேய்த்துக் கூராக்கிய கரண்டிக் காம்பால் புல் சுருளில் துளையிட்டு, பனையோலைக் கீற்றை நுழைத்து இழுப்பதை என் மகளுக்குக் கைபிடித்துச் சொல்லித்தந்தீர்கள். முன்பு நெல் புடைக்க இதே பின்னலில்தான் தட்டு செய்தார்களாம், நம் முறம் போல. அந்தப் புல் வளர்ந்த இடங்கள் பலவற்றில் இன்று ரிசார்ட்டுகள் நிற்கின்றன. அந்தப் பக்கம் போகும் நம்மவர்கள் கூடை வாங்கினால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.

மிக்க நன்றியுடன்,
ஒரு தமிழ்க் குடும்பம்