'அவசியம் படிக்க வேண்டியவை' அலமாரி பற்றி

அன்புள்ள வாசகர்களுக்கு,

வணக்கம். நம் கடை வாசலருகே இருக்கும் 'அவசியம் படிக்க வேண்டியவை' அலமாரியை எடுத்துவிடலாமே என்று உங்களில் சிலர் சொன்னீர்கள். யாரோ போட்ட பட்டியல் எதற்கு, அவரவர் ரசனைப்படி படிக்கட்டுமே என்கிறீர்கள். அலமாரி இருக்கும். அதை வைக்கும் முறையைத்தான் மாற்றுகிறோம்.

1880-ல் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அந்தக் காலத்துப் புலவர் படிக்க வேண்டியதையெல்லாம் கரைத்துக் குடித்தவர். அந்த ஊருக்கு முனிசீப்பாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை உண்டா என்று கேட்டார். சாமிநாதையரால் இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அந்தக் கேள்வி போட்ட பாதையில்தான் 1887-ல் சிந்தாமணியும், 1892-ல் சிலப்பதிகாரமும், 1894-ல் புறநானூறும் அவர் பதிப்பாக அச்சேறின. வழக்கத்தில் இருந்த பட்டியல் மறைத்ததை, வேறொருவர் மனதில் இருந்த பட்டியல் காட்டிக்கொடுத்தது.

எனவே பட்டியல் வேண்டும். ஆனால் ஒரே ஒரு பட்டியல் மட்டும் போதாது. அமெரிக்காவில் 1952-ல் வந்த மேலை நாட்டுப் பெருநூல் வரிசையின் (Great Books of the Western World) 54 தொகுதிகளில் ஒரு பெண் எழுத்தாளர்கூட இல்லை. 1990-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினுக்கு இடம் கிடைத்தது. அவர் இறந்ததோ 1817-ல்!

சரி, பட்டியலே இல்லாவிட்டால்? ரசனை கைக்கு எட்டுவதில்தான் வளரும். கைக்கு எட்டுவது பெரும்பாலும் புதிதாக வந்ததும், விளம்பரம் பெற்றதும்தான். புத்தகம் விற்கிறவர்களாக இன்னொன்றும் எங்களுக்குத் தெரியும்: யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால்தான் பழைய நூல் மறுபதிப்பு காணும். கேட்பாரில்லாத நல்ல நூல் சத்தமில்லாமல் சந்தையிலிருந்து போய்விடுகிறது.

இனி அந்த அலமாரியில் ஒவ்வொரு நூலோடும் ஒரு சீட்டு இருக்கும். தேர்ந்தெடுத்தவர் யார், ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது அதில் இருக்கும். வரிசை முழுவதையும் முடித்தே ஆக வேண்டும் என்று நினைக்காதீர்கள். காரணம் உங்களை இழுக்கும் ஒன்றை எடுத்து நிதானமாகப் படியுங்கள்.

கீழ்த்தட்டு உங்களுடையது. நூலின் பெயரையும், அது ஏன் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும் என்று நாலு வரியும் எழுதிக் கல்லாவில் கொடுங்கள். இப்போது பதிப்பில் இல்லாத நூலென்றாலும் எழுதுங்கள், பதிப்பாளரிடம் கேட்டுப் பார்க்கிறோம்.

அன்புடன்,
புத்தகக் கடையினர்