டேகானாக் குன்றும் மணவாளக்குறிச்சி மணலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

டங்ஸ்டன் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் வரும் கடிதங்களில் இரண்டு கருத்துகள் மாறி மாறித் தலைகாட்டுகின்றன. ராஜஸ்தானில் டேகானா என்ற இடத்தில் நல்ல தாது இருந்தும் சுரங்கத்தை மூடிவிட்டார்கள் என்பது ஒன்று. கருமணல் கிடக்கும் நம் குமரிக் கரையிலும் டங்ஸ்டன் இருக்கும், அடுத்து இங்கேதான் வருவார்கள் என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது பாறையின் தன்மை தெரியாமல் எழுதியது. மேலூர்ப் பக்கத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிந்து, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானதிலிருந்து இந்த உலோகத்தின் பெயர் டீக்கடை வரை வந்துவிட்டது. அந்த ஏலம் சரியா தவறா என்பதற்குள் நாங்கள் போகவில்லை. டேகானாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

டேகானா, ஜோத்பூர்–ஜெய்ப்பூர் ரயில் பாதையில் நாகௌர் மாவட்டத்துச் சந்திப்பு நிலையம். அதே பாதையில் ஜெய்ப்பூரை நோக்கிப் போனால் தாஜ்மகாலுக்குச் சலவைக்கல் கொடுத்த மக்ரானா வரும். மணலும் முள்மரமுமான சமவெளியில் திடீரென எழுந்து நிற்பது ரேவத் குன்று. டங்ஸ்டன் இருப்பது அந்தக் குன்றிலும் அதன் அடிவாரச் சரளையிலும்தான்.

ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கிருந்த ஃபில்லைட் என்னும் தகட்டுப் பாறைக்குள் கிரானைட் குழம்பு புகுந்தது. குழம்பு ஆறும்போது ஃபெல்ட்ஸ்பார், காக்காப்பொன் போன்ற சாதாரணக் கனிமங்கள் முதலில் உறையும். அவற்றின் படிகத்துக்குள் இடம் கிடைக்காத டங்ஸ்டன், லித்தியம், ஃபுளோரின் எல்லாம் கடைசியில் மிஞ்சும் கொதிநீரில் போய்ச் சேரும். அந்த நீர் கிரானைட்டின் உச்சியிலும் மேலே மூடியிருக்கும் பாறையிலும் விரிசல் கண்ட வழியெல்லாம் ஏறி, ஆறி, வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்பாக உறைந்துவிடும். வெள்ளைக் கல்லுக்குள் கறுத்த தகடு தகடாக நிற்பதுதான் டங்ஸ்டன் தாதுவான உல்ஃப்ரமைட். நரம்பின் இரு ஓரமும் கிரானைட் சிதைந்து காக்காப்பொன்னும் டோபாஸும் ஃபுளோரைட்டுமாக மாறியிருக்கும். இதற்குக் கிரைசன் என்று பெயர். டேகானாக் காக்காப்பொன்னில் லித்தியமும் உண்டு. 2023 மே மாதம் அங்கே காஷ்மீரைவிடப் பெரிய லித்தியப் படிவு என்று செய்தி பரவியது. அப்படியொரு தகவலைத் தாங்கள் தரவே இல்லை என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மறுத்தது. செய்தி ஓடிய வேகத்தில் மறுப்பு ஓடவில்லை.

இந்தக் குன்றின் சுரங்க வரலாறு போர்களின் வரலாறு. நூற்றுக்கு 18 பங்கு டங்ஸ்டன் சேர்த்த எஃகால் செய்த கடைசல் உளி, செக்கச் சிவக்கச் சூடேறினாலும் கூர் மழுங்காது. பீரங்கியும் குண்டும் கடைய அந்த உளி வேண்டும். முதல் உலகப்போருக்கு முன் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் கிடைத்த தாதுவைப் பெரும்பாலும் வாங்கி உலோகமாக்கியது ஜெர்மனி. போர் மூண்டதும் லண்டன் விழித்துக்கொண்டது. பர்மாவின் தவோய்ச் சுரங்கங்கள் முடுக்கிவிடப்பட்டன. ஜோத்பூர் சமஸ்தானத்து டேகானாவிலும் வெட்டத் தொடங்கினார்கள். போர் முடிந்ததும் விலை விழுந்தது, வேலை ஓய்ந்தது. இரண்டாம் போரில் மறுபடி உயிர் வந்தது. விடுதலைக்குப் பின் அரசுத் துறைகள் நடத்தின. கடைசியாக நடத்தியது அப்போது பொதுத்துறையாக இருந்த ஹிந்துஸ்தான் ஜிங்க். 2024-இல் நாயக்கர்பட்டி ஏலத்தை எடுத்ததும் இதே நிறுவனம்தான், தனியார் கைக்கு மாறிய பிறகு. 1990-களின் தொடக்கத்தில் டேகானா மூடப்பட்டது.

ஏன் மூடினார்கள்? 'நல்ல தாது இருந்தும்' என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கீழே வரும் எண்கள் டேகானாவின் கணக்கேட்டு எண்கள் அல்ல. இந்த வகை நரம்புச் சுரங்கம் எதற்கும் பொருந்தும் மாதிரிக் கணக்கு.

நரம்பின் அகலம் 20 செ.மீ., அதற்குள் டங்ஸ்டன் ஆக்சைடு 1.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்துப் பார்த்தால் அருமையான தாது. ஆனால் 20 செ.மீ. சந்துக்குள் ஆள் நுழைந்து துளைபோட முடியாது. குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு வெட்ட வேண்டும். அப்போது வெறும் பாறையும் சேர்ந்து வரும், 1.5 விழுக்காடு என்பது 0.25 ஆகச் சுருங்கிவிடும். அதாவது ஒரு டன் கல்லில் இரண்டரைக் கிலோ. ஆலையில் அதில் 70 விழுக்காடு மீண்டால் 1.75 கிலோ. சந்தையில் விற்கும் செறிவுத் தாதுவில் ஆக்சைடு 65 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது வழக்கம். அப்படி ஒரு டன் சேர்க்க 370 டன் கல்லை உடைக்க வேண்டும். நிலத்தடியில் வெடி வைத்து, மேலே ஏற்றி, அரைத்து. ஏட்டில் 'சராசரித் தரம்' என்று எழுதும்போது அது நரம்பின் தரமா, வெட்டும் அகலத்தின் தரமா என்பதைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஏல அறிவிப்புகளைப் படிப்பவர்கள் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்த இழப்பு அரவையில். உல்ஃப்ரமைட்டின் எடை தண்ணீரைப் போல 7.1 முதல் 7.5 மடங்கு, வெங்கச்சங்கல் 2.65 மடங்குதான். ஆகவே கொழித்துப் பிரிப்பது சுலபம் என்று தோன்றும். சிக்கல், அது எளிதில் நொறுங்கும் கனிமம். ஒரே தளத்தில் பளிச்சென்று பிளக்கும். குண்டு ஆலையில் போட்டு ஒரேயடியாக அரைத்தால் வெங்கச்சங்கல் விடுபடுவதற்குள் உல்ஃப்ரமைட் மாவாகிவிடும். 40, 50 மைக்ரானுக்குக் கீழே போன தூள், எவ்வளவு கனமானாலும், நீர் ஓடும் சாய்ந்த அதிர்வு மேசையில் நிற்காமல் கலங்கல் நீரோடு ஓடிவிடும். எனவே பதமாக உடைக்க வேண்டும்: தாடை நொறுக்கி, சல்லடை, கிடைத்த பருக்கையை உடனே ஜிக்கில் (நீரை மேலும் கீழும் துடிக்கவிட்டுக் கனமானதை அடியில் தங்கவைக்கும் தொட்டி) பிரித்தெடுத்தல், மிஞ்சியதை மட்டும் உருளைத் தண்டு ஆலையில் மெல்ல அரைத்தல், மறுபடி சல்லடை, பிறகு அதிர்வு மேசை. கடைசியில் வலுவான காந்தம்; உல்ஃப்ரமைட் காந்தத்துக்கு வரும், கூட இருக்கக்கூடிய வெள்ளீயக் கல்லும் டோபாஸும் வராது. சல்லடையில் ஒரு கிழிசலைக் கவனிக்காமல் விட்டால் பருக்கையும் தூளும் கலந்து மேசையில் அந்த நாள் வேலை பாழ்.

இத்தனைக்கும் தண்ணீர் வேண்டும். ஒரு டன் கல்லுக்குப் பல டன் தண்ணீர் சுழல வேண்டும். நாகௌர்ப் பக்கம் பெய்யும் மழை நம் மாவட்டத்து மழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. பாலைநிலங்களில் இதற்கு மாற்றாகக் காற்றுக் கொழிப்பு உண்டு. முறத்தில் புடைப்பது போல, துணித் தளத்துக்கு அடியிலிருந்து விட்டுவிட்டுக் காற்றை ஊதினால் இலேசான மணல் பறக்கும், கனமானது தங்கும். ஆனால் சரளை மொறுமொறுவென்று காய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஈரம் இருந்தாலே மண் பருக்கையில் ஒட்டிக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. காய்ந்திருந்தால் தூளில் உள்ள டங்ஸ்டனும் சேர்ந்து பறக்கும். தண்ணீர் ஊற்றாமல் துளையிட்டால் வெங்கச்சங்கல் தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயாகும். கல்லுடைப்பவர்களிடையே இந்நோய் மலிந்த ராஜஸ்தான் 2019-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. நம் மாவட்டத்துக் கல்குவாரிகளில் துளைபோடுபவர்கள் முகத்தில் வெறும் துண்டு கட்டியிருப்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது.

இந்தச் செலவோடு உற்பத்தி செய்து கொண்டிருந்தபோது, 1980-களில் சீனா உலகச் சந்தையில் மலிவான தாதுவைக் குவித்தது. மேற்கு நாடுகளின் சுரங்கங்களே தாக்குப்பிடிக்கவில்லை. டேகானா போன்ற சிறு படிவு நின்றதில் வியப்பில்லை. சீனா 2025 பிப்ரவரியில் டங்ஸ்டன் ஏற்றுமதிக்கு உரிமக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு கணக்கு மாறலாம். அப்படி மாறினாலும் 20 செ.மீ. நரம்பு அகலமாகிவிடாது. கழிவு மேட்டிலிருந்தும் மற்ற தாதுவோடு துணைப்பொருளாகவும் எடுப்பதுதான் சிறு படிவுகளுக்கு ஓரளவு பொருந்தும் வழி என்பது எங்கள் கருத்து. கோலார் தங்கவயலில் தங்கத்தோடு, டங்ஸ்டனின் மற்றொரு தாதுவான ஷீலைட்டையும் பிரித்தெடுத்தது அப்படித்தான்.

இனி நம் கரை. மணவாளக்குறிச்சி மணலின் கதையும் அதே காலத்தது. 1909-இல் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டிய மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டைக் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். வாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது. ஒற்றுமை அவ்வளவுதான். பாறை வேறு.

குமரி மாவட்டத்துச் சார்னோக்கைட்டும் கார்னெட், சில்லிமனைட் கொண்ட பாறைகளும் 20 கி.மீ. அளவு ஆழத்தில், 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்தவை. அந்த வேக்காட்டில் நீர் வெளியேறிவிட்டது. டேகானா மாதிரி நரம்பு உருவாக வேண்டுமானால் மேல்மட்டத்தில் உறையும் கிரானைட்டும், அதன் உச்சியில் தேங்கும் கொதிநீரும் வேண்டும். ஆழத்தில் வெந்து, மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போன பின் தெரியும் அடிப்பாறை நம்முடையது. ஒருவேளை எங்காவது உல்ஃப்ரமைட் இருந்திருந்தாலும், முன்சொன்ன நொறுங்கும் குணத்தால் ஆற்றில் சில கிலோமீட்டர் உருள்வதற்குள் தூளாகிவிடும். பாலைவனத்தில் மழை குறைவு, உருட்டிக்கொண்டு போக ஆறில்லை. அதனால்தான் அங்கே அடிவாரச் சரளையில் நிற்கிறது. டைட்டானியத் தாதுவான இல்மனைட்டும் சிர்கானும் மோனசைட்டும் அலை அடிக்க அடிக்கத் தாங்குபவை. கரையில் சேர்ந்திருப்பவை அவைதாம். நமக்குள்ள கதிர்வீச்சுக் கவலையும் மோனசைட்டால் வருவது, டங்ஸ்டனால் அல்ல.

கறுப்பாக, கனமாக, காந்தத்துக்கு வருவதாக இருப்பதால் இல்மனைட்டை டங்ஸ்டன் தாது என்று நம்புவது எளிது. பள்ளி ஆய்வகத்திலேயே பார்க்கலாம். கருமணலை வலுவான காந்தத்தால் பிரித்து, நன்கு காயவைத்து, 100 கிராம் எடுங்கள். 100 மி.லி. அளவு உருளையில் 50 மி.லி. தண்ணீரும் காற்றுக்குமிழ் ஒட்டாதிருக்க ஒரு சொட்டுச் சோப்பு நீரும் விட்டு, மணலை மெதுவாகக் கொட்டித் தட்டுங்கள். தண்ணீர் 21 மி.லி.யை ஒட்டி உயர்ந்தால் அது இல்மனைட். உல்ஃப்ரமைட்டாக இருந்தால் 14 மி.லி.தான் உயரும். வெள்ளை மணல் கலந்திருந்தால் 21-ஐத் தாண்டும். வெறும் வெள்ளை மணலுக்கு 38 மி.லி. வரும். நூற்றுக்கு ஐந்து, பத்துப் பங்கு உல்ஃப்ரமைட் கலந்திருந்தால் இந்தச் சோதனை காட்டாது, அதற்கு ஆய்வகம் போக வேண்டும். அங்கே மணலைச் சோடியம் கார்பனேட்டோடு உருக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெள்ளீயமும் சேர்த்துச் சுடவைப்பார்கள். டங்ஸ்டன் இருந்தால் நீலம். நம் மணலுக்கு வரும் நிறம் டைட்டானியத்தின் ஊதா.

இப்படிக்கு,
கனிமவியல் அறிந்த வாசகர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.