வளவுக்கு வந்த வார்தா: ஒரு நன்றி மடல்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கத்து அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாசி மாதச் சாயங்காலங்களில் கோட்டையூர் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வார்தாவின் படங்களைப் போட்டுக் காட்டினோம். இருபது பேர் வந்தாலே பெரிசு என்றுதான் நானும் என் தோழிகளும் பேசிக்கொண்டிருந்தோம். முதல் நாளே விரித்த ஜமுக்காளம் பற்றாமல் உள்ளேயிருந்து பாய் எடுத்து வர வேண்டியதாயிற்று. இதற்குக் கைகொடுத்தவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லத்தான் இந்த மடல். யார் பெயரையும் போடப் போவதில்லை. பெயர் போட்டால் கூச்சப்படுகிறவர்கள்தான் இதில் அதிகம். அவரவர் இடம் வரும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் இடம். பேசி வைத்திருந்த அரங்கம் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது. "கீழே எழுத்து ஓடுற படத்துக்கு இந்த ஊர்ல யாரும்மா வருவா?" என்று அறிவுரை வேறு. சரி, வீட்டிலேயே போடுவோம் என்று இறங்கினோம். செட்டிநாட்டில் வீட்டைக் கேட்பதென்றால் ஒருவரிடம் கேட்டு முடிகிற காரியமா? பங்குக்காரர்கள் சென்னை, கோலாலம்பூர், அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிறார்கள். கலியாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்றால்தான் முகப்புக் கதவே திறக்கும். வாட்ஸ்அப் குழுவில் எங்களுக்காகப் பேசி, ஒவ்வொருவராகச் சரி சொல்ல வைத்தவர் மூத்த பங்காளி ஐயா. அவர் போட்ட நிபந்தனை இரண்டே: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தூணில் டேப் ஒட்டக் கூடாது. நியாயம்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய அந்தச் சுண்ணாம்புச் சுவர் ஒரு இடத்தில் பெயர்ந்தால், பழையபடி பூசத் தெரிந்த கொத்தனாரை இன்றைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பந்தல்காரர் அண்ணன் தூண்களுக்குத் துண்டைச் சுற்றி, அதன் மேல் கயிறு போட்டுத் திரையை இழுத்துக் கட்டினார். ஒரு சுருக்கம் இல்லை.

படம் ஓடத் தொடங்கியதும் அடுத்த சிக்கல். கல்லும் சுண்ணாம்புமாக இருக்கிற வளவில் ஒரு வசனம் மூன்று தடவை கேட்டது. நான் சென்னையில் எடிட்டிங் வேலை பார்க்கிறவள். எதிரொலி பற்றி நாலு வார்த்தை தெரியும். ஆனால் வழி சொன்னது எதிர்வீட்டு ஆச்சி. "வெறும் வீடு கத்தத்தான் செய்யும். நாலு பக்கமும் துணியைத் தொங்கவிடுங்க" என்றார். வளவை ஒட்டிய பட்டாலைப் பக்கக் கொடிகளில் ஜமுக்காளங்களையும் பழைய போர்வைகளையும் தொங்கவிட்டோம். சத்தம் அடங்கியது. தெருவில் வீடு வீடாகப் போய் அவற்றை வாங்கி வந்த பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

மின்சாரக்கார அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் பக்கத்தில் வைத்தால் படம் கேட்காது. இந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. ஜெனரேட்டரைப் பின்தெருவில் நிறுத்தி, அடுப்படி, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி வளவுக்கு வயர் இழுத்தார். அன்றைய படம் 'தாகெரியோதீப்'. 1975-ல் வந்தது. பாரிஸில் தாகெர் தெருவில்தான் வார்தாவின் வீடு. மகனுக்கு அப்போது இரண்டு வயது. விட்டுவிட்டுத் தூரம் போக முடியாது. அதனால் தன் வீட்டு மின்சாரத்தில் செருகிய கேபிள் எதுவரை எட்டுகிறதோ அதுவரை இருக்கிற கடைகளை மட்டும் படமெடுப்பது என்று முடிவு செய்தார். ரொட்டிக் கடை, கறிக்கடை, தையல் கடை, முடிவெட்டும் கடை, வாசனைத் திரவியக் கடை. எங்கிருந்து வந்தீர்கள், கலியாணம் எப்படி ஆனது, இரவில் என்ன கனவு வருகிறது என்று கடைக்காரர்களைக் கேட்கிறார். அவ்வளவுதான் படம். நான் முன்னால் நின்று இந்தக் கேபிள் கதையைச் சொன்னதும், வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அண்ணன், "அந்தம்மாவும் நம்ம கேசுதான்" என்றார். வளவே சிரித்தது. அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை.

அன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்த வியாபாரிகளுக்கு நன்றி. கடைத்தெருத் தையல்காரர், திரையில் வந்த தையல்காரரின் கையைத்தான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். வாசனைக் கடையில் ஒரு வயதான அம்மா வருவார். நினைவு தப்பத் தொடங்கியவர், பொழுது சாய்ந்தால் எங்கேயோ கிளம்பிப் போகத் துடிப்பவர். அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார் போல.

சினிமா படித்தவர்கள் கூடினால் வார்தாவைப் 'புதிய அலையின் பாட்டி' என்று சொல்லித்தான் தொடங்குவோம். (புதிய அலை என்பது ஐம்பதுகளின் கடைசியில் பிரெஞ்சு சினிமாவைப் புரட்டிப்போட்ட இளம் இயக்குநர்களின் அலை.) இங்கே அலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கணக்குக் கேட்டார்கள்! வார்தாவின் முதல் படம் 'லா புவாந்த் கூர்த்'. புகைப்படக்காரராக இருந்தவர், சினிமாவில் யாரிடமும் உதவியாளராக இருந்ததில்லை. 26 வயதில், 1954-ல், தெற்கு பிரான்சில் செத் என்ற துறைமுக ஊரின் மீனவர் குடியிருப்புக்குப் போய் எடுத்தார். சொந்தக் கம்பெனி, நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் சம்பளத்துக்குப் பதில் பங்குக்கு வேலை பார்த்தார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்வீட்டு ஆச்சி குறுக்கிட்டார்.

"பங்குக்கா? சரி. முதல் திரும்புச்சா?"

உடனே திரும்பவில்லை ஆச்சி என்றேன். திரைத்துறை விதிகளுக்கு வெளியே எடுத்த படம் என்பதால் வழக்கமான விநியோகம் கிடைக்கவில்லை. பாரிஸில் ஒரு சின்னத் திரையரங்கில் ஓடியது. நடுவில் சுற்றுலாத் துறைக்கெல்லாம் குறும்படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த முழுநீளப் படத்தை எடுத்தது 1961-ல்தான்.

"அப்ப ஏழு வருசம் வட்டியில்லாமக் கெடந்திருக்கு. ஆனாலும் கடையைச் சாத்தலையே, கெட்டிக்காரிதான்."

வார்தாவைப் பற்றி நான் படித்த கட்டுரைகளில் இதைவிடச் சரியான விமர்சனம் இல்லை. 1985-ல் வெனிஸில் தங்கச் சிங்கம், 2015-ல் கான் விழாவில் கௌரவத் தங்கப் பனை, 2017-ல் கௌரவ ஆஸ்கர் என்று விருதுகளை நாம் அடுக்குவோம். எனக்குப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பெண் தன் படங்களின் உரிமையைத் தன் கம்பெனியிலேயே வைத்துக்கொண்டு, வீடிருந்த தெருவிலேயே எடிட்டிங்கும் விற்பனையும் நடத்தியதுதான். 2019 மார்ச்சில் 90 வயதில் இறந்தார்; அதற்கு முந்தைய மாதம்தான் பெர்லினில் கடைசிப் படத்தைத் திரையிட்டிருந்தார். கணவர் ஜாக் தெமியும் பெரிய இயக்குநர். அவர் நோயோடு இருந்தபோது அவருடைய சிறுவயதையே ஒரு படமாக எடுத்தார் வார்தா. அதைப் போட நேரமில்லாமல் போனதில் எனக்கு வருத்தம்.

திரையின் கீழே ஓடிய வசனத்தைத் தமிழில் எழுதிய கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் உழைப்பு திரையில் இரண்டு நொடி நின்று மறைந்தது. நாம் வளர்த்துச் சொல்கிறவர்கள். அந்த நேரத்துக்குள் படிக்க வேண்டுமென்றால் பாதியை வெட்ட வேண்டும். வெட்டியதற்கு நீங்கள் போட்ட சண்டையெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. கண் தெரியாத பெரியவர்களுக்காக ஓரமாக உட்கார்ந்து மெல்லிய குரலில் வாசித்துச் சொன்ன தமிழாசிரியர் ஐயாவுக்கும் நன்றி. 'கிளெயோ 5 முதல் 7 வரை' படத்துக்கு மட்டும் பாதிக் கூட்டம் நெளிந்தது. மருத்துவப் பரிசோதனை முடிவுக்காக ஒரு பாடகி காத்திருக்கும் கதை அது. நெளியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கடைசிப் படம் 'கதிர் பொறுக்குவோரும் நானும்'. 2000-ல், 70 வயதுக்கு மேல், கைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமராவோடு கிளம்பி, அறுவடைக்குப் பின் வயலில் கிடப்பதையும் சந்தையில் எறிந்ததையும் பொறுக்குகிறவர்களைத் தேடிப் போகிறார். விற்பனைக்கு ஆகாது என்று கொட்டிய உருளைக்கிழங்குக் குவியலில் இதய வடிவத்தில் இருப்பதாகப் பார்த்து எடுத்துப் பைக்குள் போடுகிறார். ஒரு கையால் கேமரா பிடித்து, சுருங்கிய இன்னொரு கையைப் படமெடுக்கிறார். கேமராவை நிறுத்த மறந்ததால் பதிவான, லென்ஸ் மூடி ஆடும் காட்சியைக்கூட வெட்டாமல் படத்தில் வைத்திருக்கிறார். (எடிட்டராக நான் வெட்டியிருப்பேன்.) தெருவில் கிடந்த, முள் இல்லாத கடிகாரம் ஒன்றையும் வீட்டுக்குத் தூக்கி வருகிறார். எங்களுக்கு புரொஜெக்டர் மேசை கொடுத்து உதவிய பழைய பொருள் கடைக்காரர் அதைப் பார்த்து, "முள்ளுதான இல்ல, நான் வாங்கியிருப்பேன்" என்றார். அந்த மேசை தேக்கு, விலைச் சீட்டு தொங்கியபடியே வந்தது. ஒரு கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "நம்மள்ல இப்படி யாரும் இல்லையா அக்கா?" என்று கேட்டாள். டி. பி. ராஜலட்சுமி 1936-லேயே 'மிஸ் கமலா'வை இயக்கியதையும், பானுமதி 'சண்டிராணி'யை 1953-ல் மூன்று மொழிகளில் இயக்கியதையும் சொன்னேன். ஏ.வி.எம். ஸ்டுடியோவே ஒரு காலத்தில் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில், கூரைக் கொட்டகைகளில் நடந்தது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான் என்றதும் அவள் நம்பவில்லை. பக்கத்திலிருந்த தாத்தா ஆமாம் என்ற பிறகுதான் நம்பினாள். அடுத்த முறை நம்மவர்கள் படங்களைப் போடச் சொல்லியிருக்கிறாள். போடுவோம், தாயி.

படங்களுக்கு முறைப்படி அனுமதி வாங்கித் தந்த சென்னை நண்பருக்கும், இடைவேளைகளில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சுடச்சுடக் கொடுத்த சமையல்கார அண்ணனுக்கும், ஒவ்வொரு இரவும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கறை நிற்காமல் துடைத்துவிட்டுப் போன அக்காமாருக்கும் நன்றி.

வரவு செலவுக் கணக்கு எழுதி மூத்த பங்காளி ஐயாவிடம் கொடுத்திருக்கிறோம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மிச்சப் பணம் அடுத்த திரையிடலுக்கு. இரண்டு ஜமுக்காளமும் ஒரு பித்தளைத் தூக்கும் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. தூக்கில் விலாசம் (வீட்டுக்காரர் பெயரெழுத்துகள்) வெட்டியிருக்கிறது, ஆனால் தேய்ந்துபோய் முதல் எழுத்து மட்டும்தான் தெரிகிறது. உரியவர்கள் மீதி எழுத்தைச் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
திரையிடல் தோழிகள்,
கோட்டையூர்