கறிக்கடை எலும்புக்கு ஒரு வழி செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கேயத்தில் 22 வருசமாக ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். ஓட்டல்களுக்கு எலும்பில்லாத கறி எடுத்துக் கொடுத்தது போக, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு சாக்கு எலும்பு மிஞ்சும். வாங்க ஆள் வராத வாரம் ஊருக்கு வெளியே பள்ளத்தில்தான் கொட்டுகிறோம். நானும் கொட்டியிருக்கிறேன். நாற்றமும் நாய்த் தொல்லையும் அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

போன தை மாதம் என் வீட்டுக்காரிக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு கரைந்துபோனது. ஈரோட்டில் பல் டாக்டர் அந்த இடத்தில் வைப்பதற்கென்று ஒரு சின்ன சீசாவைக் காட்டினார். உள்ளே அரை கிராம் வெள்ளைக் குருணை. "மாட்டு எலும்பைச் சுத்திகரித்து எடுத்ததுங்க, வெளிநாட்டுச் சரக்கு" என்றார். பில்லில் அதற்கு மட்டும் ஒரு கிடாக்குட்டி விலை! காய்ந்த எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பரசும் கலந்த ஹைட்ராக்சி அபடைட் என்ற தாதுதானாம். நம் எலும்பிலும் அதே வகைத் தாது இருப்பதால், வைத்த இடத்தில் உடம்பு அதையே கட்டடத்துக்குக் கட்டும் சாரம்போலப் பிடித்துக்கொண்டு புது எலும்பு கட்டுகிறது.

நம் ஆட்டு எலும்பிலும் அப்படி எடுக்க முடியுமா என்று பார்க்க நினைத்தேன். மச்சினன் மகன் கோவையில் இரும்பை உலையில் சூடேற்றிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் இருக்கிறான். நல்லி எலும்பை வேகவைத்து, மஜ்ஜையும் கொழுப்பும் போகக் கழுவி, எட்டு நாள் காயவைத்து ஒரு கிலோ கொடுத்தனுப்பினேன். உலையில் முதலில் கரியாகக் கறுத்ததாம். 800 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்த பிறகு சுண்ணாம்பாக வெளுத்து வந்தது. எடை 640 கிராம். ஒரு துண்டை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, அத்தனை நுண்துளை. சூட்டை 1200 வரை ஏற்றினால் அந்தத் துளைகள் அடைபட்டுவிடுமாம்.

இதை அப்படியே வைத்தியத்துக்குக் கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆடு எங்கே வளர்ந்தது, நோய் உண்டா என்ற கணக்கு வேண்டும்; மூளையும் தண்டுவடமும் படாமல் பிரிக்க வேண்டும்; பரிசோதனை, லைசென்ஸ் எல்லாம் வேண்டும். தனிக் கடைக்காரனால் ஆகிற காரியமல்ல. ஆடு வெட்டும் கூடத்திலேயே தொடை எலும்பையும் நல்லியையும் தனியாக வாங்கி வைக்க நகராட்சிகள் ஏற்பாடு செய்யட்டும். உலையும் ஆய்வகமும் உள்ள கோவை, ஈரோடு கல்லூரிகள் முன்வரட்டும். வைத்தியத்துக்குத் தேறாததை அரைத்தால் தென்னைக்கு எலும்புத்தூள் உரமாகும்.

கேட்கிற கல்லூரிக்குக் கழுவி, வேகவைத்து, காயவைத்து நானே காசில்லாமல் கொடுக்கிறேன்.

ஆட்டுக்கறிக் கடைக்காரர்,
காங்கேயம்.