ஜென் காரில் எஸ்டீம் எஞ்சின்: வண்டியைப் பிடித்தால் மட்டும் போதாது, வழியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எஞ்சின் மாற்றி ஓட்டும் கார்களை ஆர்டிஓ அதிகாரிகள் பிடிப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கோவை கணபதியில் கார் ஒர்க்ஷாப் நடத்துகிறேன். சாலையில் ஆபத்தான வண்டியைப் பிடிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எஞ்சின் மாற்றுகிற எல்லோரையும் 'ரேஸ் பைத்தியம்' என்று ஒரே தட்டில் வைத்து எழுதியிருந்தது வருத்தமாக இருந்தது. இதில் ஒழுங்காகச் செய்த வேலையும் உண்டு, உயிரோடு விளையாடும் வேலையும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது பழைய மாருதி ஜென்னுக்கு, அதே மாருதியின் எஸ்டீம் கார் எஞ்சின். ஜென்னில் கம்பெனி வைத்தது 993 சிசி, கார்புரேட்டர் காலத்தில் 50 குதிரைத்திறன். எஸ்டீமில் பின்னாளில் வந்த 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சின் 1298 சிசி, 85 குதிரைத்திறன். இரண்டும் சுசுகியின் ஒரே 'ஜி' குடும்பம். அதனால்தான் இந்த ஜோடி இத்தனை வருஷமாக நிற்கிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கைப் பெரிதாக வெட்டி ஒட்ட வேண்டியதில்லை, கியர்பாக்ஸும் சேரும். ஜென்னோ எஸ்டீமை விட எடை குறைந்த வண்டி. அவிநாசி ரோட்டில் மூன்றாவது கியரில் அது எடுக்கும் இழுப்பை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஒர்க்ஷாப்புக்கு வரும் தம்பிகள் பலர் குதிரைத்திறனை மட்டும் பார்த்துத்தான் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "ஹோண்டா சிட்டி விடெக் போடலாமாண்ணா? 106 குதிரைத்திறன் இருக்கே" என்பார்கள். அந்தக் காலத்து ஹோண்டா எஞ்சின் மற்ற பெரும்பாலான எஞ்சின்களுக்கு நேர் எதிர்த் திசையில் சுற்றும். மாருதி கியர்பாக்ஸோடு அதைச் சேர்க்கவே முடியாது. ஹோண்டா கியர்பாக்ஸையே கொண்டு வந்தால் அது உட்காரும் பக்கமும் மாறிவிடும். மவுண்டிங், ஆக்சில், கியர் கேபிள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். மாருதி 800-இல் நாலு சிலிண்டர் எஞ்சினைத் திணிக்கச் சொல்பவர்களும் உண்டு. மூன்று சிலிண்டருக்கு அளந்து வைத்த இடம் அது. ரேடியேட்டரை நகர்த்தி, இரும்பை வெட்டித்தான் வைக்க முடியும். அந்த வேலையை நான் எடுப்பதில்லை. ஸ்விஃப்ட்டில் 2024 வரை வந்த கே-சீரிஸ் எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் அதன் மவுண்டிங் வேறு. சாவி, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு), இசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) மூன்றும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக வராவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் எஞ்சின் மட்டும் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து, ஒயரிங் இல்லாமல் மாதக்கணக்கில் மூலையில் போட்டு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

சரியான எஞ்சினையே தேர்ந்தெடுத்தாலும் அத்தோடு வேலை முடிவதில்லை. வேறொரு பட்டறையில் எஞ்சின் மாற்றிய கார்புரேட்டர் ஜென் ஒன்று, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று எங்களிடம் வந்தது. பானெட்டைத் திறந்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் போகும் லைனில் பழைய கார்புரேட்டர் ஹோஸையே மாட்டியிருந்தார்கள். கார்புரேட்டர் பம்பின் அழுத்தம் அரை பார் கூட வராது. எம்பிஎஃப்ஐ-க்கு இரண்டரை, மூன்று பார் வேண்டும். ரப்பர் உப்பி, கிளிப்புக்குக் கீழே நூல் நூலாக வெடித்திருந்தது. விரலால் தடவியபோது கை நனைந்தது. எக்ஸாஸ்ட் சூட்டில் ஒரு சொட்டு பற்றியிருந்தால் வண்டி நடு ரோட்டில் எரிந்திருக்கும். பின் சீட்டில் குழந்தைக்கான இருக்கை வேறு கட்டியிருந்தது. ஹை பிரஷர் ஹோஸ், எலக்ட்ரிக் பம்ப், டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் என எல்லாமும் சேர்ந்ததுதான் அந்த எஞ்சின். பிரேக்கும் அப்படித்தான். 50 குதிரைத்திறனுக்கு வைத்த டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு 85 போடுவதை நான் வேலை என்றே சொல்ல மாட்டேன். எஸ்டீமின் முன் பிரேக், ரேடியேட்டர், நல்ல ஷாக் அப்சார்பர், அதற்கேற்ற டயர் எல்லாம் போட்ட பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். பட்ஜெட்டில் பாதியை எஞ்சினுக்கு ஒதுக்குங்கள், மீதிப் பாதியை மற்றதுக்கு வையுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

அப்புறம் சட்டம். கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் எஞ்சினை மாற்றியிருந்தால் விபத்தில் கிளெய்ம் கிடைப்பதும் சந்தேகம்தான். இதையெல்லாம் சொல்லாமல் வேலை எடுக்கிற பட்டறைக்காரர்கள் வாடிக்கையாளரை ஏமாற்றுகிறார்கள்.

ஆனால் அதே 52-வது பிரிவு, பெட்ரோல் காரை சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரிக்கு மாற்ற வழி வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கிட் இருக்க வேண்டும், அதைப் பொருத்துபவருக்கு அனுமதி இருக்க வேண்டும், ஆர்சி-யில் பதிய வேண்டும். டிக்கியில் 200 பார் அழுத்தத்தில் கேஸ் சிலிண்டரை வைக்க ஒரு முறை வகுக்க முடிகிறது. அப்படியென்றால், ஒரே கம்பெனியின், ஒரே குடும்பத்து எஞ்சினை வைக்க ஏன் முறை வகுக்க முடியாது? அதே ஜென் உடம்பில் மாருதியே பிரெஞ்சுக் கம்பெனி பெஷோவின் (Peugeot) 1527 சிசி டீசல் எஞ்சினை வைத்து விற்றதே! ஆஸ்திரேலியாவில் வண்டியின் எடையைப் பொறுத்து எவ்வளவு பெரிய எஞ்சின் போடலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். பிரேக்கையும் பார்த்து, பொறியாளர் சான்று கொடுத்த பிறகு பதிவு செய்கிறார்கள். நமக்கு ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமே இருக்கிறது. புகை, பிரேக், சத்தம் எல்லாவற்றையும் அங்கே சோதிக்க முடியும்.

800 காரின் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டிய கரிவரதன் எங்கள் ஊர்க்காரர். அவர் பெயரில்தான் செட்டிபாளையம் ரேஸ் டிராக் இருக்கிறது. இந்த ஊரில் லேத் பிடித்து வளர்ந்த பையன்களுக்கு எஞ்சின் மேல் ஆசை வருவதில் ஆச்சரியம் இல்லை. இப்போதைக்கு என்னிடம் வருபவர்களிடம், வண்டியை டிரெய்லரில் ஏற்றி டிராக்குக்குக் கொண்டு போய் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் செய்து தருகிறேன் என்கிறேன். ரோட்டுக்கு என்றால் இருக்கிற எஞ்சினையே நன்றாக ஓவர்ஹால் செய்து, பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சரி பண்ணிக் கொடுக்கிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் முதல் படியாக, ஒரே தயாரிப்பாளரின் எஞ்சின்களுக்கு மட்டுமாவது எடை வரம்பு, பிரேக் சோதனை, புகைச் சோதனை வைத்து ஒரு விதியைக் கொண்டு வர வேண்டும். மாநிலப் போக்குவரத்துத் துறை ஆணையர் இதை டெல்லிக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்கு வண்டி வேண்டுமென்றால் எங்கள் ஒர்க்ஷாப்பிலிருந்து ஒரு ஜென்னை அனுப்பி வைக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
கணபதி, கோவை.